நிறுத்தக் கூடாத மாத்திரை

என் பெரிய அத்தை உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்தவர். பனங்காட்டுக்குள் வெயிலோடு வெயிலாக நடந்து, பதனீர் காய்ச்சுகிற விளைகளுக்கே போய்ப் பதம் பார்த்து, விலை பேசி, மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிவிடுகிற மனுஷி. 1990களின் நடுவில் அவருக்கு நடந்தால் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. நின்றால் சரியாகும், நடந்தால் மறுபடி இறுக்கும். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்துக்குப் போகிற இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், பிரஷரும் கூடுதல் என்று சொல்லி அட்டெனலால் 50 மில்லிகிராம், ஆஸ்பிரின், வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் அத்தை பழையபடி பனங்காட்டுக்குக் கிளம்பிவிட்டார். "ஏட்டி, அந்தச் சின்ன மாத்திரைதாம்ட்டி என்னைய நடக்க வைக்கு" என்று என்னிடம் சொன்னார். நான் அப்போது அரசு மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்தேன். ஊரில் எல்லாருக்கும் நான் கம்பவுண்டரம்மாதான்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்ததும் அத்தை கந்த சஷ்டி விரதத்துக்குத் திருச்செந்தூர் போனார். ஆறு நாளும் கோயிலிலேயே தங்கல். பாலும் பழமும் இளநீரும் தவிர வேறு எதுவும் இல்லை. வருஷா வருஷம் இருக்கிற விரதம்தான், உடம்புக்குப் பழக்கமானதுதான். ஆனால் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு வந்த முதல் சஷ்டி அது.

நான்காம் நாள் மத்தியானம் கடலில் குளித்துவிட்டு மேலே ஏறி வரும்போது நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. பிறகு வலி. நின்றும் அடங்கவில்லை, உட்கார்ந்தும் அடங்கவில்லை. உடன் இருந்த பெண்கள் பசி மயக்கம் என்று நினைத்து இளநீர் கொடுத்திருக்கிறார்கள். வேர்த்து ஊற்றுவதைப் பார்த்த ஒருவர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாடி நிமிஷத்துக்கு நூற்று முப்பதுக்கு மேல், பிரஷரும் மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பு இருந்ததைவிட அதிகம். சின்னதாக ஒரு மாரடைப்பு வந்துவிட்டது என்று சொன்னார்கள். நான் போய்ச் சேரும்போது ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தார்.

பணியில் இருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை எத்தனை நாளா போடல?" என்பதுதான். அத்தை முகமூடியை விலக்கிக்கொண்டு பதில் சொன்னார். "விரதத்துல மாத்திரை வாயில போடலாமா ஐயா? வீட்டுலயே வச்சிட்டு வந்தேன்." அந்த டாக்டர் கோபப்படவில்லை. "இது ஆகாரம் இல்லம்மா. ஒரு மடக்குத் தண்ணியோட போட்டிருந்தா முருகன் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நோய் தானாக முற்றியதைவிட மாத்திரை சட்டென்று நின்றதே காரணமாக இருக்கும் என்றார்.

இதைக் கல்லூரியிலேயே படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். நமக்குப் பயம், கோபம், ஓட்டம், வலி எது வந்தாலும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. அது இதயத்தின் செல்களில் இருக்கிற பீட்டா ஏற்பிகளில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும். அட்டெனலால், மெட்டோப்ரலால், பிசோப்ரலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் அந்த இடத்தில் முன்னாலேயே உட்கார்ந்துவிடுகின்றன. வீட்டு நாற்காலிகளில் எல்லாம் நம் ஆட்களே உட்கார்ந்திருந்தால் வம்புக்கு வருகிறவன் நின்றுவிட்டுத்தானே போக வேண்டும்? ஆனால் வாரக்கணக்கில் இப்படித் தடுக்கப்பட்ட இதயம் சும்மா இருப்பதில்லை. அட்ரினலின் செய்தி வந்து சேரவில்லையே என்று ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. அந்த நிலையில் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் கூடிப்போன ஏற்பிகள் அத்தனையும் திறந்து கிடக்கும். வழக்கமாகச் சுரக்கிற அட்ரினலினே அளவுக்கு மீறி வேலை செய்யும். இரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலி கடுமையாகலாம், மாரடைப்பு வரலாம், துடிப்பு தாறுமாறாகலாம். அத்தைக்கு அதோடு பட்டினி, ஐப்பசிப் புழுக்கம், கூட்ட நெரிசல், கடல் குளியல் எல்லாம் சேர்ந்துகொண்டன. அமெரிக்காவில் இந்த மாத்திரைகள் பலவற்றின் குறிப்புத் தாளில், திடீரென்று நிறுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்று விதியே இருக்கிறது.

அத்தை பிழைத்தார். வீட்டுக்கு வந்ததும் அவர் மனசை அரித்தது மாரடைப்பு அல்ல, முடிக்காமல் விட்ட விரதம். எங்கள் தெருவில் இருந்த குருக்கள் ஒருவரைக் கூட்டிவந்து கேட்கச் சொன்னேன். தண்ணீர், கிழங்கு, பழம், பால் என்று விரதத்தை முறிக்காதவை எட்டு உண்டு என்று தர்ம சாஸ்திரமே சொல்கிறது, அந்த எட்டில் மருந்தும் ஒன்று என்று அவர் விளக்கினார். நான் சொன்னால் கேட்டிருக்க மாட்டார், அவர் சொன்னதும் கேட்டுக்கொண்டார். அடுத்தடுத்த சஷ்டிகளுக்கு மாத்திரையோடு போனார், முதலில் டாக்டரிடம் போய் விரதம் இருக்கலாமா என்று கேட்டுவிட்டு. பிற்பாடு ரமலான் மாதம் வரும் முன் மருந்து வாங்க வருகிற இஸ்லாமியப் பெரியவர்களிடம் நான் இதே வார்த்தையைச் சொல்வேன். நோன்பு வைக்க முடியுமா, வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரு வேளையை விட்டுவிடாதீர்கள்.

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து பார்த்தால், விரதத்தைவிட அதிகமாக மாத்திரையை நிறுத்தவைப்பது உடம்பு தேறிவிட்டது என்ற நினைப்புதான். "நல்லாத்தான இருக்கு, பெறவு எதுக்கு?" உப்பளத்துக்குப் போகிற அண்ணாச்சி ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்து இப்படித்தான் கேட்டார். காய்ச்சலுக்கு ஐந்து நாள் சாப்பிட்டால் தீர்ந்துபோகும், அந்தப் பழக்கம் எல்லா மாத்திரைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறோம். இது அப்படி இல்லை. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். நிறுத்த வேண்டிய காரணம் உண்மையிலேயே இருக்கலாம். அப்போது டாக்டர் ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு அளவைப் படிப்படியாகக் குறைப்பார், அந்த நாட்களில் கடின வேலை வேண்டாம் என்பார். அதை நாமாகச் செய்துகொள்ளக் கூடாது.

நான் மதுரை மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் டிப்ளமா படித்த காலத்தை ஒட்டித்தான், 1988இல், இந்த வகை மாத்திரையை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஸ்காட்லாந்துக்காரர். எங்கள் ஆசிரியர் அன்று பாடத்தை நிறுத்திவிட்டு அவரைப் பற்றியே பேசினார். நெஞ்சுவலிக்காரரின் இதயத்துக்கு ஆக்சிஜனைக் கூட்டுவது எப்படி என்று மற்றவர்கள் தேடியபோது, இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று பிளாக் திருப்பி யோசித்தார். அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று 1948இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்கர் எழுதி, பலரும் கண்டுகொள்ளாமல் விட்ட கருத்து அவருக்குக் கை கொடுத்தது. முதலில் செய்த ப்ரொனெத்தலால் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த ப்ரொப்ரனலால் 1960களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 1970இல் நிறைவேறி 1972இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துக்கு அல்ல, அதைச் செய்கிற முறைக்கு மட்டுமே உரிமை தந்தது. அதனால்தான் இந்திய நிறுவனங்கள் இதே மருந்தை வேறு வழியில் செய்து மலிவாகக் கொடுக்க முடிந்தது. கருப்பட்டி வியாபாரியின் சுருக்குப்பைக்கு எட்டுகிற விலையில் இந்த மாத்திரை வந்ததற்குப் பின்னால் அந்தச் சட்டம் இருக்கிறது. அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

என் அம்மாவுக்கு இதே வகை மாத்திரை வேறொரு பாடத்தைக் கொண்டுவந்தது. அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஊசியில் இன்சுலின், கூடவே காலையில் மெட்டோப்ரலால். சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதைவைத்து அம்மா உடனே ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டுக்கொள்வார். மெட்டோப்ரலால் ஆரம்பித்த பிறகு அந்த அடையாளங்கள் மங்கிப்போயின. நடுக்கமும் படபடப்பும் அட்ரினலின் செய்கிற வேலை. மாத்திரை அதைத் தடுத்துவிடுகிறது. சர்க்கரை இறங்குவது மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். டாக்டர் இதை முதல் நாளே எங்களிடம் சொல்லியிருந்தார். "வேர்வையைப் பாருங்க, அது மட்டும் மறையாது" என்றார்.

திருநெல்வேலியில் ஒரு கல்யாண வீடு. முகூர்த்தம் தள்ளிப்போய்ப் பந்தி தாமதமாகிவிட்டது. அம்மா காலையிலேயே ஊசி போட்டிருந்தார். மண்டபத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர் பேச்சு கொஞ்சம் குழறியது. படபடப்பா என்று கேட்டேன், இல்லை என்றார். பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று வேர்வை, ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. பையில் இருந்த கருவியில் விரலைக் குத்திப் பார்த்தேன். 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. பந்தி மேசையில் இருந்த சர்பத்தைக் குடிக்கவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ஏறியதும் சோறு போடச் சொன்னோம். அம்மாவுக்கு நெஞ்சு ஒரு துளிகூட அடித்துக்கொள்ளவில்லை. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு இந்த மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் வீட்டில், காரணமில்லாத குளிர் வேர்வை, குழறல், தடுமாற்றம் மூன்றையும் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

இரவல் மாத்திரையைப் பற்றியும் எனக்கு ஒரு கசப்பான நினைவு இருக்கிறது. பக்கத்துத் தெருப் பையன், கல்லூரியில் மேடையேறிப் பேச வேண்டும். கை நடுக்கம் நிற்கும் என்று நண்பன் கொடுத்த ப்ரொப்ரனலாலைப் போட்டுக்கொண்டான். சின்ன வயதில் வீசிங் இருந்து மறைந்துபோனவன். அன்று இரவு மூச்சுத் திணறி, வீட்டில் இருந்த சல்பூட்டமால் இன்ஹேலரை அழுத்தியும் கேட்காமல், ஆஸ்பத்திரியில் வைத்து விடிய விடியப் பார்த்தோம். ப்ரொப்ரனலால் இதயத்தோடு நிற்பதில்லை. மூச்சுக்குழாயை விரித்துவைக்கிற ஏற்பிகளையும் சேர்த்து அடைக்கும். இன்ஹேலர் மருந்து வேலை செய்ய வேண்டிய இடமும் அதுதான். ஆஸ்துமா உள்ளவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். கண்ணில் நீர் அழுத்தத்துக்கு விடுகிற டிமலால் சொட்டு மருந்தும் இதே குடும்பம். சொட்டுதானே என்று பெரியவர்கள் அதைச் சொல்லாமல் விடுகிறார்கள். அதுவும் இரத்தத்தில் கலக்கும், நாடியைக் குறைக்கும், மூச்சை இறுக்கும்.

இன்னொரு வீட்டில் மருமகள், மாமனாருக்கு விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதே என்று மாத்திரையைச் சிற்றுரலில் நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்துவந்தாள். அன்பான பெண்தான். ஆனால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய நீண்டநேர மெட்டோப்ரலால். நுணுக்கினால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். பெரியவர் காலையில் எழுந்து நின்றாலே கண் இருட்டிக் கீழே சாய்ந்ததற்குக் காரணம் அதுதான். அட்டையில் எக்ஸ்எல், இஆர் என்ற எழுத்துகள் பெயரோடு ஒட்டியிருந்தால் நுணுக்கவோ மெல்லவோ கூடாது. நடுவில் கோடு இருந்து டாக்டரும் பாதி என்று எழுதியிருந்தால் கோட்டில் உடைக்கலாம், அவ்வளவே. விழுங்க முடியவில்லை என்று சொன்னால் வேறு வகை தர வழி இருக்கிறது.

இதயம் பலவீனமாகிக் கால் வீங்குகிறவர்களுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது என்றுதான் எங்கள் தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சுவீடனில் ஃபின் வாக்ஸ்டைன் 1975இலேயே கொடுத்துப் பார்த்து நல்ல பலன் என்று எழுதியும் மருத்துவ உலகம் நம்பவில்லை. 1999இல் பிசோப்ரலாலையும் மெட்டோப்ரலாலையும் வைத்து நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது தெரிந்த பிறகுதான் பாடம் திருத்தப்பட்டது. என் கணவரின் அண்ணனுக்கு இதே குடும்பத்தைச் சேர்ந்த கார்வெடிலாலை 3.125 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள், தாங்கத் தாங்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டினார்கள். முதல் சில வாரங்கள் அசதி கூடியது. "இந்த மாத்திரையே என்னைக் கொன்னுரும்" என்று தூக்கிப் போடப் பார்த்தார். அவர் மனைவி, எங்கள் மைனி, விடவில்லை. சாப்பிட்டவுடன் கொடுத்தார், தினமும் காலையில் எடை பார்த்து நாட்காட்டியில் குறித்தார், நாலு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றே டாக்டருக்குத் தகவல் சொன்னார். அந்த நாட்காட்டியும் அந்த மாத்திரையும் சேர்ந்து அவருக்குப் பல வருஷங்களைக் கொடுத்தன என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆண்கள் சொல்லாமல் நிறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு, அதை ஜன்னலில் நின்று யாரும் சொல்ல மாட்டார்கள். தாம்பத்தியத்தில் குறை வரலாம். அது எல்லாருக்கும் வருவதில்லை, வந்தால் மருந்தை மாற்ற முடியும். வெட்கப்பட்டு மறைக்கிற இந்த ஒரு விஷயத்தால் எத்தனை பேர் மாத்திரையைத் தூர எறிந்திருப்பார்களோ என்று எனக்குக் கவலையாகவே இருக்கும். கை கால் சில்லிடுவது, அசதி, கெட்ட கனவு இவையும் அப்படித்தான். சொன்னால் வழி உண்டு.

நாடி பார்ப்பதை எல்லாரும் கற்றுக்கொள்ளலாம். காலையில் மாத்திரைக்கு முன், கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிஷம் எண்ணினால் போதும். ஐம்பதுக்குக் கீழே இருந்தால், அல்லது தலைச்சுற்றலும் மயக்கமும் சேர்ந்து வந்தால், அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரிடம் பேச வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கியிருந்தால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வெராபமில், டில்டியாசெம் போன்ற மாத்திரைகளை எழுதுகிற டாக்டருக்கு நீங்கள் பீட்டா பிளாக்கர் சாப்பிடுவது தெரிந்திருக்க வேண்டும். அவற்றில் ஒன்று இதோடு சேர்ந்தால் நாடி அபாயகரமாக இறங்கலாம். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரை பிரஷரை ஏற்றும். பல் பிடுங்கப் போனாலும் ஆபரேஷனுக்குப் போனாலும் பழைய சீட்டைக் கொண்டுபோக வேண்டும். அன்று காலை போடுவதா என்று அவர்கள் சொல்லட்டும்.

பிரஷர் மட்டும் உள்ளவர்களுக்கு அட்டெனலால் இப்போது முதல் தேர்வு இல்லை. பக்கவாதத்தைத் தடுப்பதில் வேறு மருந்துகள் மேல் என்று தெரிந்ததால் 2006இலேயே பிரிட்டன் தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். உங்களுக்கு எழுதியதற்கு நெஞ்சுவலி, துடிப்புக் கோளாறு என்று வேறு காரணம் இருக்கலாம். எனக்கு இது இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, கேளுங்கள்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் பஸ் காசு இல்லாமல் மாத்திரையை விட்டவர்களை நினைத்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். வாங்கி வைக்கும்போது மாத்திரையின் பெயரையும் அளவையும் கேட்டு ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலோ சுருக்குப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போனால் போகிற நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பு தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கிவிடுங்கள். கடைசி மாத்திரையைப் போட்ட பிறகு கிளம்பலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.